மெரிங்கை ஆற்றில் ஆண்கள் அழுவதில்லை

என் அக்கா தீலாய் ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் இறந்தாள். புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் அவள் மரணத்தையொட்டி மூன்று தீர்மானங்கள் நிறைவேறின. மூன்றையும் தட்டச்சு செய்தவன் நான்தான். மூன்றிலும் அவள் பெயர் இல்லை.

நான் அந்த அலுவலகத்தில் இரண்டாம் எழுத்தர். பெயர் லூக்காஸ். மிஷன் பள்ளியில் படித்ததால் எனக்கு ஆங்கிலம் தெரியும். மெரிங்கை ஆற்றங்கரையில் பிறந்ததால் ஆறும் தெரியும். அலுவலகத்துக்கு முதலாவதே போதுமானதாக இருந்தது.

தீர்மானங்களைச் சொல்வதற்கு முன் கேப்டன் ஹார்ட்டிகனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் ஆற்றுக்கு வந்தது அதற்கு ஐம்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு. நான்கு நாள் இருந்தார். அதில் மூன்று நாள் காய்ச்சலில் படகுக்குள் கிடந்தார். நான்காம் நாள் தலையைத் தூக்கிக் கரையைப் பார்த்தபோது, ஒரு பலா மரத்தடியில் முகமெல்லாம் சுண்ணாம்பு அப்பிய ஆள் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அது என் தாத்தாவின் தம்பி உகி. பலாக்காய் பறிக்க ஏறிக் குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டு இறங்கியிருந்தார். கொட்டிய இடத்திலெல்லாம் வெற்றிலைச் சுண்ணாம்பைப் பூசியிருந்தார். உதடு வீங்கிவிட்டதால் பேச முடியவில்லை. இந்த ஆளுக்கு என்ன என்று கேப்டன் தன் படகோட்டியிடம் கேட்டார். படகோட்டி கரையிலிருந்தவர்களிடம் விசாரித்துவிட்டு, "அவன் பொண்டாட்டி போயிட்டாளாம்" என்றான். உண்மைதான். அவள் மீன் விற்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் மருந்து போட்டிருப்பாள்.

ஊர் திரும்பியதும் கேப்டன் புத்தகம் எழுதினார். அதன் பதினோராம் அத்தியாயத்தில், இந்த ஆற்றில் மனைவியை இழந்தவன் முகத்தில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு ஆலமரத்தடியில் ஒன்பது நாள் வாய் திறக்காமல் அமர்வான், ஒரு சொட்டுக் கண்ணீரும் விடமாட்டான், துக்கம் என்பதை இந்த மக்கள் அறியார் என்று இருக்கிறது. பலா எப்படி ஆலானது என்பது போகட்டும். ஒன்பது நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவர் இருந்ததே நான்கு நாள்.

அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அடுத்தடுத்து மூன்று பேர் நாவல் எழுதினார்கள். மூவரும் எங்கள் ஆற்றைப் பார்த்ததில்லை. முதல் நாவலில் சுண்ணாம்புக்காரன் ஒன்பது நாள் உட்கார்ந்தான். இரண்டாவதில் பத்தொன்பது நாள். மூன்றாவதை எழுதிய ஒரு பாதிரியாரின் மனைவி அவனைக் கொண்டுபோய் ஓர் அருவிக்குக் கீழே உட்கார வைத்தார். எங்கள் ஆறு சதுப்பு நிலத்தில் ஓடுகிறது. கொஞ்சம் உயரத்திலிருந்து எதையாவது பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் தென்னை மரத்தில்தான் ஏறுவோம்.

புதிதாக வரும் இளம் துரைமாருக்காக அலுவலகம் ஒரு கையேடு வைத்திருந்தது. அதில் பதினான்காம் பிரிவு, துக்கம். கேப்டன் எழுதியது அப்படியே அங்கே இருந்தது. கீழே, 'இந்த வழக்கத்தை நான்கு வெவ்வேறு ஆசிரியர்கள் உறுதிப்படுத்துகிறார்கள்' என்று ஒரு குறிப்பு. ஒவ்வொரு வருடமும் அதை நான் புதிதாகத் தட்டச்சு செய்வேன். மேலே ஏறி இறங்கும் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டே எட்டு வருடம் போயிற்று.

எங்கள் மாவட்ட அதிகாரி ஆஷ்கோம் துரைக்கு ஒரே ஒரு மனக்குறை இருந்தது. பக்கத்து மாவட்டத்தைப் பற்றி ஆறு நாவல்கள் வந்திருந்தன. எங்களுக்கு மூன்று. தலைநகரில் விருந்துக்குப் போகும்போதெல்லாம் அந்த மாவட்டத்து அதிகாரி இதைக் குத்திக் காட்டுவாராம். இப்படி இருக்கும்போதுதான் லெவரிட் என்ற பெயர்பெற்ற நாவலாசிரியர் லண்டனிலிருந்து கடிதம் எழுதினார். தன் அடுத்த நாவலின் களம் மெரிங்கை ஆறு என்றும், எழுதுமுன் நேரில் ஐந்து நாள் தங்கி, குறிப்பாக அந்தச் சுண்ணாம்பு வழக்கத்தைக் காண விரும்புவதாகவும் அதில் இருந்தது.

துரை உடனே மனைவியை இழந்தவர்களின் பட்டியலைக் கேட்டார். இரண்டு பேர்தான் தேறினார்கள். ஒருவர் மறுமணம் செய்துகொண்டு குழந்தையும் பெற்றிருந்தார். இன்னொருவர் எதற்கெடுத்தாலும் அழுகிறவர். கோழி செத்தால்கூட அழுவார். அவரை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று துரை பெயரை அடித்துவிட்டார். லெவரிட் வந்து சேர ஆறு நாள் இருந்தபோது என் அக்கா நெஞ்சுநோயால் போய்ச் சேர்ந்தாள்.

புதன்கிழமை காலை துரை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எட்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"லூக்காஸ், ரொம்ப வருத்தமா இருக்கு. மனசார சொல்றேன்," என்றார். "ஆனா ஒண்ணு. ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தா நம்ம பாடு திண்டாட்டமாப் போயிருக்கும்."

பிறகு தீர்மானங்களைச் சொன்னார். இறந்தவளின் கணவன் ஜாலாய் பதினான்காம் பிரிவின்கீழ் கொண்டுவரப்படுகிறார் என்பது ஒன்று. நாள் கணக்கில் புத்தகங்கள் வேறுபடுவதால் பிந்தி வந்த புத்தகத்தின்படி பத்தொன்பது நாள் என்பது இரண்டு. பொதுப்பணிக் கிடங்கின் செலவில் ஓர் அருவி அமைப்பது மூன்று. அக்காவின் புருஷன் பலா மரத்தடியில்தானே உட்காருவார், ஆலமரம் இல்லையே என்று நான் கேட்டேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஏன் அதைக் கேட்டேன் என்றும் தெரியவில்லை.

அக்கா வீட்டுக்குப் போனபோது ஜாலாய் அத்தான் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். துறையில் அவர் வெட்டி மிதக்கவிட்டிருந்த ஏழு சவ்வரிசிப் பனைத் துண்டுகள் தண்ணீரில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. பனைத் தண்டுக்குள் இருக்கும் சோற்றை அவர் துருவிப் போட்டால் அதை மேடையில் மிதித்து மாவெடுக்கிறவள் அக்கா. இனி யார் மிதிப்பார்கள் என்று அண்டை வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அத்தானிடம் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் வழக்கப்படி மனைவியின் சவம் போகும் படகுக்கு முன்னால் புருஷன் தனிப் படகில் போக வேண்டும். அதற்கும் அவர் வர முடியாது, அன்று மதியமே மரத்தடியில் உட்கார வேண்டும் என்பதையும் சொன்னேன்.

"எத்தனை நாள்?" என்றார்.

"பத்தொன்பது."

"சரி."

தென்னை மரத்தில் ஏறி உட்காரச் சொல்லியிருந்தாலும் அன்று அவர் சரி என்றுதான் சொல்லியிருப்பார். எனக்கு வேலை வேண்டியிருந்தது. அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். எட்டு வருடம் ஒரே பக்கத்தைத் தட்டச்சு செய்தவன், அதில் பாதியை நம்பிவிட்டிருந்தேன். அக்காவின் படகுக்கு முன்னால் அத்தானுக்குப் பதிலாக நான் போனேன்.

வெற்றிலைச் சுண்ணாம்பு அவ்வளவு கிடைக்காததால், எல்லைக் கற்களுக்கு அடிக்கிற சுண்ணாம்பைக் கிடங்கிலிருந்து வாளியில் கொண்டுவந்தார்கள். அதை வாங்க ஒரு படிவம் பூர்த்தி செய்ய வேண்டியிருந்தது. 'எந்தக் கல்லுக்கு' என்ற இடத்தில் நான் ஜாலாய் என்று எழுதினேன். யாரும் திருப்பி அனுப்பவில்லை. இரண்டாம் நாளே அத்தானின் கன்னம் வெந்து கொப்பளித்தது. துரை வந்து பார்த்துவிட்டு, கேப்டன் கொப்புளத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லையே என்று கவலைப்பட்டார். பிறகு கொப்புளத்தின் மேலேயே இன்னொரு பூச்சு பூசச் சொன்னார்.

அருவி அதைவிடச் சிக்கலாக இருந்தது. பலா மரத்துக்குப் பின்னால் பரண் கட்டி, சிறையிலிருந்து இரண்டு கைதிகளை மண்ணெண்ணெய்த் தகரங்களோடு ஏற்றினார்கள். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை, மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அவர்கள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் சுண்ணாம்பு கரைந்து ஓடிவிட்டது. ஒன்று சுண்ணாம்பு இருக்கட்டும், இல்லையென்றால் அருவி இருக்கட்டும், இரண்டும் ஆகாது என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தார். இரண்டுக்கும் எழுத்தில் ஆதாரம் இருப்பதால் எதையும் விட முடியாது என்று துரை பதில் எழுதினார். கடைசியில் ஒரு தகரக் கூரைத்துண்டை வளைத்துக் கட்டி, தண்ணீர் அத்தானின் முதுகுக்குப் பின்னால் விழும்படி செய்தார்கள்.

அருவி விழுந்த முதல் நாள் ஊர்ச் சனம் திரண்டு வந்து பார்த்தது. படகில் போன ஒருவன், "ஜாலாய், குளிச்சது போதும், கரையேறு. ஊர்ல தண்ணி தீந்திடப் போவுது," என்று கத்தினான். நாலைந்து பேர் சிரித்தார்கள். அத்தான் திரும்பவில்லை. அடுத்த நாள் யாரும் வரவில்லை.

லெவரிட் ஆறாம் நாள் நீராவிப் படகில் வந்து இறங்கினார். மெலிந்த மனிதர். ஓயாமல் தும்முவார். மரியாதையானவர், எனக்குக்கூட வணக்கம் சொன்னார். கையில் கேப்டனின் புத்தகமும் மூன்று நாவல்களும். பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டு செருகியிருந்தார். பத்தடி தள்ளி நின்றபடி புத்தகத்தைப் பார்ப்பார், அத்தானைப் பார்ப்பார், பென்சிலால் ஒரு கோடு போடுவார். சுண்ணாம்பு. கோடு. மௌனம். கோடு. அருவிச் சத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பதாக நினைத்தார். துரை பரணைப் பார்த்துக் கையை அசைத்தார். சத்தம் கூடியது.

"கேப்டன் ஆலமரம்னு எழுதியிருக்காரே," என்றார் லெவரிட்.

"ஆலங்கன்று நட்டாச்சு," என்றார் துரை. "உங்க நாவல் ரெண்டாம் பதிப்பு வர்றதுக்குள்ள வளர்ந்துடும்."

அன்று மாலை விருந்தில் துரை பேசினார். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் பின்னால் நின்றேன். மொழிபெயர்க்க அங்கே யாருமில்லை. இந்த ஆற்றைப் புத்தகத்தின்படி ஆள்வதுதான் தன் கொள்கை என்றார். தான் இங்கே வந்து பதினோரு வருடமாகிறது, ஆனால் வந்த அன்றே இதை முழுக்க அறிந்திருந்ததாகவும், அதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் கற்க வேண்டியிருக்கவில்லை என்றும் சொன்னார். கடைசியாகக் கிண்ணத்தை உயர்த்தினார்.

"ஒருத்தன் புத்தகத்துல உள்ள மாதிரி இல்லைன்னா, புத்தகத்துல தப்புன்னு அர்த்தமில்ல. நம்ம நிர்வாகம் இன்னும் அவன்கிட்ட போய்ச் சேரலைன்னு அர்த்தம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்ததா என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். வரவில்லை. கை மரத்துப்போன மாதிரி, உள்ளே எல்லாமே மரத்துக் கிடந்தது.

லெவரிட் வந்த மூன்றாம் நாள் மதியம் கைதிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். துரை உறங்கிக்கொண்டிருந்தார். லெவரிட் என்னைப் பார்த்து, போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்றார். அவருக்கும் அத்தானுக்கும் கடைத்தெருவில் பேசுகிற மலாய் பாஷை கொஞ்சம் வரும். நான் அலுவலக வராந்தாவிலிருந்து பார்த்தேன். அவர் ஈரத் தரையில் அத்தானுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அத்தானின் வாய் அசைந்தது. ஒரு மணி நேரம் அசைந்தது. இது பதினான்காம் பிரிவை மீறிய செயல். நான் துரையை எழுப்பவில்லை. நான் செய்த எதிர்ப்பு அவ்வளவுதான்.

பிறகு அத்தானிடம் கேட்டேன், என்ன பேசினீர்கள் என்று.

"தீலாய் எப்படிப்பட்டவன்னு கேட்டார். சொன்னேன்," என்றார்.

அவள் செத்து அன்றோடு ஒன்பது நாள். அதுவரை அவரிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. நானும்தான்.

லெவரிட் போனார். பத்தொன்பதாம் நாள், துக்கம் முறைப்படி நிறைவேறியதாக அத்தானுக்கு முத்திரையிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அவர் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனார். துறையில் கிடந்த ஏழு துண்டும் அழுகியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக ஆற்றோடு தள்ளிவிட்டார். வேறு மரம் வெட்டினார். மாவு மிதிக்க ஒரு கிழவியைக் கூலிக்கு வைத்தார். சமைத்தார், சாப்பிட்டார், தூங்கினார். அழவில்லை. அழாமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் என்றும் சொல்ல முடியாது. இரண்டொரு தடவை நான் போனபோது வெறுமனே சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள், பனைச் சோறு துருவிக்கொண்டே கேட்டார்.

"மச்சான், அந்தப் புத்தகம் சரியாத்தான் எழுதியிருக்கோ?"

"எந்தப் புத்தகம்?"

"நம்ம ஆளுங்களுக்குத் துக்கம் தெரியாதுன்னு எழுதியிருக்காமே. நானும் தேடித் தேடிப் பாக்குறேன். உள்ள ஒண்ணும் இல்ல."

நான் அவரிடம் உகி தாத்தாவையும் குளவியையும் பற்றிச் சொன்னேன். துருவியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். பிறகு துருவியைக் கையில் எடுத்தார்.

"அவருக்காவது கொட்டின இடம் வலிச்சிருக்கும்," என்றார்.

இரண்டு வருடம் கழித்து நாவல் வந்தது. துரை தேநீர் விருந்து கொடுத்தார். ஒரு லண்டன் பத்திரிகை, ஆசிரியர் நேரில் கண்டு எழுதியிருப்பதால் முந்தைய நூல்களில் உள்ளவை எல்லாம் மெய்யென்று நிரூபணமாகிவிட்டன என்று எழுதியிருந்தது. துரை அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். பதினான்காம் பிரிவில் 'நான்கு வெவ்வேறு ஆசிரியர்கள்' என்பதை ஐந்து என்று நான் திருத்தித் தட்டச்சு செய்தேன். நாவலில் அருவி இடிபோல முழங்கியது. மரம் ஆலமரம்.

அலுவலகப் பிரதியைக் கேட்டு வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தான் வீட்டுக்குப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் பனை ஓலையைக் கோத்துக் கூரைக்குக் கீற்று முடைந்துகொண்டிருந்தார். நான் எங்கள் பாஷையில் மாற்றி மாற்றி வாசித்தேன். சுண்ணாம்புக்காரன் ஆறாம் அத்தியாயத்தில் இரண்டே பக்கம் வந்தான். கல்லைப்போல இருந்தான் என்று ஒரு வரி. செத்தவளுக்குப் பெயர் இல்லை. அத்தான் அக்கறையில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவுதான், மீதி எல்லாம் துரைமார் கதை என்று புத்தகத்தை மூடப் போனேன். மழை விடட்டும், வாசி என்றார்.

மீதிக் கதை ஒரு தோட்டத் துரையையும் அவன் மனைவி எடித் என்பவளையும் பற்றியது. எடித்துக்குப் புருஷன் மேல் கோபம் வந்தால் அவனிடம் பேசமாட்டாள். நாயைக் கூப்பிட்டு, 'உன் எசமான்கிட்ட சொல்லு, சூப்பு ஆறிப்போவுது' என்பாள். துரையும் நாயிடமே பதில் சொல்வான். நான் அந்த வரியை வாசித்துவிட்டு நிறுத்தினேன். அத்தான் வீட்டில் இருந்தது நாயல்ல, பூனை. அக்கா அதனிடம் சொல்லி அனுப்புகிற சண்டைகளைக் கேட்க அண்டை வீட்டார் சன்னலோரம் வந்து நிற்பார்கள்.

அத்தானின் கை ஓலைமேல் அப்படியே நின்றுவிட்டது. மேலே வாசி என்றார்.

எடித்துக்கு நெஞ்சுநோய் வருகிறது. புருஷனுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறாள். இருமல் வரும்போலிருந்தால் படிக்கட்டில் ஏறியபடியே ஏதாவது பாட்டை உரக்கப் பாடி, அந்தச் சத்தத்துக்குள் இருமிவிடுகிறாள்.

"இது அக்கா இல்ல," என்றேன். "அக்கா பாடி நான் கேட்டதே இல்ல."

"கடைசி நாலு மாசம் பாடினா," என்றார் அத்தான். "மாவு மிதிக்கும்போது. எதுக்குப் பாடுறான்னு நான் கண்டுபிடிச்சது அவளுக்குத் தெரியாது. அந்த ஆள்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

கூடப் பிறந்தவளைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றை ஓர் ஆங்கில நாவலில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் எடித் இறந்துபோனாள். அவள் புருஷன் அழுதான். நான்கு பக்கம் அழுதான். லெவரிட் நன்றாக எழுதியிருந்தார், அதை மறுக்க முடியாது. நாய் கதவருகே போய் யாராவது ஏதாவது சொல்லி அனுப்புவார்களா என்று காத்திருக்கிறது. இருவருக்கும் நடுவில் இனி அதற்கு வேலை இல்லை. மூன்றாம் பக்கம் வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. ஏதோ மரம் முறிகிற மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அத்தான் பாதி முடைந்த கீற்றின்மேல் குப்புற விழுந்து கிடந்தார். முதுகு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு குரல் வந்தது. என்னால் அவரைத் தொட முடியவில்லை. நான்காம் பக்கத்தையும் வாசித்து முடித்தேன். நிறுத்தியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை.

யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து அண்டை வீட்டார் மழையில் நனைந்துகொண்டே ஓடி வந்தார்கள். வாசலில் நின்று பார்த்தார்கள். யார் செத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆண்களும் பெண்களுமாக உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். மழை விட்ட பிறகும் உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை துரை என்னைக் கூப்பிட்டார்.

"நேத்து ஆத்தங்கரையில என்னமோ பெரிய சத்தம் கேட்டுச்சாமே?"

"ஜாலாய் அழுதார், துரை."

"எந்த ஜாலாய்?"

"பதினாலாம் பிரிவு ஜாலாய்."

துரை கையேட்டை எடுத்துப் புரட்டினார். முன்னும் பின்னும் பார்த்தார். அவர் முகத்தில் கலவரம் தெரிந்தது.

"இதுக்கு எங்கயாவது ஆதாரம் இருக்கா?"

நான் யோசித்தேன். ஆதாரம் என் கையிலேயே இருந்தது. இருபத்திரண்டாம் அத்தியாயம், நான்கு பக்கம். அழுதவன் மட்டும் வெள்ளைக்காரன்.

"இல்லைங்க, துரை," என்றேன்.

"அப்ப அது நடக்கல," என்றார் அவர். குரலில் நிம்மதி இருந்தது.

என் மேசைக்குத் திரும்பி வந்தேன். தினப்பதிவேட்டைத் திறந்து தேதி போட்டு, 'குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை' என்று எழுதினேன். கையெழுத்து வழக்கம்போல நன்றாக இருந்தது.